சிகாகோவில் நிற்கும் ஓரிக்ஸ்

"மிஸ்டர் ஸ்கோகன், உங்க ஓரிக்ஸ் எங்க செத்துச்சு?"

லைல் ஸ்கோகன் ரிசீவரை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றிக்கொண்டார். திங்கட்கிழமை, காலை பத்து மணி. அடுப்பில் காப்பி கொதித்துக்கொண்டிருந்தது. வெளியே பிப்ரவரிப் பனி ஜன்னல் மட்டத்துக்கு ஏறியிருந்தது.

"நமீபியாவில. ஏன் மேடம்?"

"கொம்பில ஒரு சீட்டு கட்டியிருக்கு. அதுல விஸ்கான்சின் மாநிலம், வெர்னன் கவுண்டி, ஆண் மான், நவம்பர் மாசம்னு போட்டிருக்கு. காகிதத்தில நமீபியா, கொம்பில விஸ்கான்சின். வனவிலங்கு இன்ஸ்பெக்டர் கிரீலி தலையில கைய வச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு."

"அது நான்தான் கட்டினேன்."

"எதுக்கு?"

லைலுக்குக் கேள்வியே புரியவில்லை. மிருகம் விழுந்தால் முதல் காரியமாக அதன் மேல் சீட்டைக் கட்ட வேண்டும். விஸ்கான்சினில் எங்கள் ஊரான வெஸ்ட்பியில் பன்னிரண்டு வயதில் துப்பாக்கி பிடித்த கை அதைத் தானாகவே செய்யும். சட்டம் மாறி, சீட்டுக் கட்டவே வேண்டாம் என்றாகிச் சில வருஷம் ஆகிறது. ஆனால் கைக்கு அதை யார் போய்ச் சொல்வது? முந்தைய நவம்பரில் லைசென்ஸோடு வந்து, மான் கிடைக்காமல் மீந்துபோன சீட்டு பர்ஸில் இருந்தது. நமீபியப் புல்வெளியில் ஓரிக்ஸ் என்ற அந்த ஆப்பிரிக்க மான் விழுந்ததும் லைல் அதை எடுத்துக் கொம்பில் கட்டிவிட்டார். கூட வந்த வழிகாட்டி அதை ஏதோ பிரார்த்தனை என்று நினைத்துத் தொப்பியைக் கழற்றினாராம்.

"சீட்டு இல்லாம அப்படியே எப்படி விடுறது மேடம்?" என்றார் லைல்.

மறுமுனையில் இருந்தவர், சிகாகோவில் அவர் சரக்கைக் கவனிக்கும் ஏஜென்ட் ஹலினா. அதைக் கேட்டு அவர் சிரித்தார். பெரிய சிரிப்பு, நடுவில் மூச்சு வாங்கி மறுபடி ஆரம்பித்தார். லைல் காப்பி பொங்கி வழிவதைப் பார்த்துக்கொண்டே நின்றார். அடுப்பை அணைக்கப் போனால் ரிசீவரின் கம்பி எட்டாது.

அந்த ஓரிக்ஸ் அவருக்குப் பரிசாக வந்தது. ஊர்த் தீயணைப்புப் படைக்கு நிதி திரட்டிய விருந்தில் பத்து டாலருக்கு ஒரு குலுக்கல் டிக்கெட் வாங்கினார். நமீபியாவில் ஏழு நாள் வேட்டை இலவசம் என்று அவர் பெயர் விழுந்தது. நாற்பது வருஷம் பால் லாரி ஓட்டியவர். அதுவரை அவர் போயிருந்த தூர தேசம் பக்கத்து மாநிலமான ஐயோவாதான். போனார், ஈட்டி மாதிரி நேரான இரண்டு கொம்புள்ள ஓரிக்ஸைச் சுட்டார், திரும்பினார். சுடுவதுதான் இலவசம், சுட்டதை வீட்டுக்குக் கொண்டுவருவது நம் பாடு என்பதை டிக்கெட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள்.

அங்கே தோலையும் தலையையும் மருந்தில் முக்கிப் பெட்டி கட்டக் கூலி. விமானக் கூலி. சிகாகோவில் இறங்கியதும் வனவிலங்கு ஆய்வுக் கட்டணம், சுங்கக் கட்டணம், சரக்கு நிலையக் கூலி. இலவச நாள் தாண்டினால் நாளுக்கு இவ்வளவு என்று கிடங்கு வாடகை. இத்தனைக்கும் நமக்காக ஓடியாட ஒரு கிளியரிங் ஏஜென்ட். அவருக்குத் தனிக் கட்டணம். லைல் நாலு ஏஜென்டுகளுக்குப் போன் செய்தார். மூன்று பேர் கட்டணப் பட்டியலைப் படித்துவிட்டு வைத்துவிட்டார்கள். நாலாவது ஹலினா.

"எல்லாம் சேத்து ஆயிரத்து எழுநூறு ஆகும் சார். போட்டோ மட்டும் எடுத்திருந்தா சும்மாவே வந்திருக்கும்."

லைல் சிரித்துவிட்டார். அந்த வீட்டில் அவர் குரலே அவருக்குப் புதிதாகக் கேட்டது. மனைவி டார்லா பதினாலு வருஷத்துக்கு முன், வீட்டுக்கு ஜன்னல் விற்க வந்தவனோடு அரிசோனாவுக்குப் போய்விட்டார். ஜன்னலைக் குறை சொல்ல முடியாது, குளிர் உள்ளே வருவதே இல்லை என்பார் லைல். அதற்கு மேல் அந்த விஷயத்தில் அவர் எதுவும் சொன்னதில்லை.

அந்த முதல் தடவையே ஹலினாவோடு நாற்பது நிமிஷம் பேசினார். பனியைப் பற்றி, ஒன்பது வருஷத்துக்கு முன் போய்ச் சேர்ந்த ஹலினாவின் கணவரைப் பற்றி, போலந்துக்காரர்கள் முட்டைக்கோஸை என்ன பாடு படுத்துவார்கள் என்பதைப் பற்றி. ரிசீவரை வைத்த பிறகு கட்டணம் எவ்வளவு என்பது மறந்துபோயிருந்தது. மறுபடி கூப்பிட்டுக் கேட்டார். அது இருபத்தைந்து நிமிஷம் ஆனது.

இப்போது பெட்டி சிகாகோ வந்து, இந்தச் சீட்டு வம்பு.

"ஒரு விளக்கக் கடிதம் எழுதி அனுப்புங்க. நடந்ததை அப்படியே எழுதுங்க. இன்ஸ்பெக்டர்கிட்ட நான் பேசிக்கறேன்," என்றார் ஹலினா.

நடந்ததை அப்படியே எழுதச் சொல்வது எங்கள் ஊர்க்காரரிடம் ஆபத்தான விஷயம். லைல் நாலு பக்கம் எழுதினார். சீட்டுக்கு மன்னிப்புக் கேட்டார். வழிகாட்டியின் தொப்பியைச் சொன்னார். யாரும் கேட்காமலேயே, விடைபெறும்போது அந்த வழிகாட்டி அன்பாகக் கொடுத்த ஒரு கட்டு முள்ளம்பன்றி முள்ளையும் அதே பெட்டியில் தோலுக்கடியில் வைத்துவிட்டதாக எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த திங்கட்கிழமை பத்து மணிக்குப் போன் அடித்தது.

"மிஸ்டர் ஸ்கோகன், முள்ளைப் பத்தி உங்ககிட்ட யாராவது கேட்டாங்களா?"

"இல்ல மேடம். ஆனா மறைக்கற மாதிரி ஆயிடுமேன்னு..."

"பெட்டிக்குள்ள ஒரே ஒரு மிருகம்னுதான் கணக்கு. இப்ப ரெண்டாயிருச்சு. கிரீலி சும்மா விடுவாரா?"

"முள்ளைத் தூக்கிப் போட்டுறச் சொல்லுங்க."

"அதுக்கும் ஃபாரம் இருக்கு. 'உரிமையைத் துறக்கிறேன்'னு. அனுப்பறேன், ஒரே ஒரு கட்டத்தில டிக் போடணும். பாத்துப் போடுங்க."

"கிடங்கு வாடகை ஏறிட்டிருக்குமே?"

"அதைக் கடைசியில பாத்துக்கலாம். அங்க பனி குறைஞ்சுதா?"

பனி குறையவில்லை என்பதைச் சொல்ல அரை மணி நேரம் ஆனது.

ஃபாரம் வந்தது. லைல் அதைச் சமையலறை மேஜையில் விரித்து ஏழு தடவை படித்தார். முதல் கட்டம், குறிப்பிட்ட பொருளை மட்டும் துறக்கிறேன். இரண்டாவது கட்டம், சரக்கு முழுவதையும் துறக்கிறேன். குழம்ப அதில் எதுவுமே இல்லை. பேனா முதல் கட்டத்தின் மேல் நின்றது. சரியாகப் போட்டு அனுப்பினால் விஷயம் முடிந்துவிடும். பெட்டி வரும், பில் வரும், பணம் போகும். அப்புறம் திங்கட்கிழமை பத்து மணிக்கு அந்தச் சமையலறையில் காப்பி கொதிக்கும் சத்தம் மட்டும்தான் இருக்கும். காரணமில்லாமல் ஒருவருக்குப் போன் செய்கிற பழக்கம் எங்கள் ஊரில் இல்லை. யாராவது இறந்தால் செய்வோம், மாடு வேலி தாண்டினால் செய்வோம்.

அறுபத்தொரு வயதில் ஒரு குரலுக்காக இப்படி ஏங்குவோம் என்று அவர் நினைத்ததே இல்லை. பேனாவை நகர்த்தி இரண்டாவது கட்டத்தில் டிக் போட்டார்.

"லைல்," என்றார் ஹலினா அடுத்த திங்கட்கிழமை. முதல் தடவையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். "உங்க ஓரிக்ஸை நீங்க அரசாங்கத்துக்குத் தானம் பண்ணிட்டீங்க."

"அப்படியா?" என்றார் லைல். பெயரைக் கேட்ட சந்தோஷத்தில் குரலில் போதுமான அதிர்ச்சியைக் கொண்டுவர முடியவில்லை.

"திரும்ப வாங்கணும்னா சத்தியப் பத்திரம் வேணும். சாட்சி முன்னாடி கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி அனுப்பணும்."

எங்கள் ஊரில் முத்திரை குத்துகிறவர் வங்கிக் கவுன்ட்டரில் இருக்கும் ஆர்டிஸ். பத்திரத்தை வாய்விட்டுப் படித்துத்தான் குத்துவார். 'எனது ஓரிக்ஸை நான் மனமறிந்து துறக்கவில்லை' என்று அவர் படித்தபோது வரிசையில் ஆறு பேர் நின்றார்கள். சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை, மதுக்கடையில் மீன் வறுவல் நாள். கோர்டி லைலின் எதிரே வந்து உட்கார்ந்தார். செத்த மிருகங்களின் தலையைச் சுவரில் மாட்டப் பாடம் செய்து கொடுப்பது கோர்டியின் தொழில். ஓரிக்ஸ் தலை வந்ததும் அதைப் பாடம் செய்யப்போகிறவர் அவர்தான். பள்ளிக்கூடத்திலிருந்தே லைலின் கூட்டாளி.

"ஏண்டா, தலை எங்கடா? சுவரில ஆணி அடிச்சு ரெண்டு மாசமாச்சு."

"சிகாகோவில நிக்குது."

"தெரியும். அரசாங்கத்துக்கே தானமா குடுத்தியாமே. வருமான வரியில கழிச்சுக்கோ."

"ஃபாரத்தில ஒரு தப்பு நடந்துபோச்சு."

"நாப்பது வருஷம் பால் கணக்கு எழுதினவன். ஒரு சொட்டு தப்பினதில்ல. இப்ப ஒரு டிக் போடத் தெரியாமப் போச்சா?" கோர்டி மீனைக் கடித்தபடி அவரை உற்றுப் பார்த்தார். "அந்தப் பொம்பள குரல் நல்லாருக்குமோ?"

"அவங்க தொழில் தெரிஞ்சவங்க," என்றார் லைல், காது சிவக்க.

"சரி, சரி. வாசல்ல படகு விற்பனைக்குன்னு பலகை நட்டிருக்கியே, அது எதுக்கு?"

"கிடங்கு வாடகை. நாளைக்கு முப்பத்தஞ்சு டாலர். கணக்குப் போட்டுப் பாத்தேன்."

"ஒரு தலைக்கு ஒரு படகா?" கோர்டி முள்ளைத் தட்டில் துப்பினார். "கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லிட்டா படகு மிஞ்சும்லடா?"

"என்னன்னு சொல்றது?"

கோர்டி மீனுக்குத் திரும்பினார். அவரும் இதே ஊர்க்காரர்தான்.

மார்ச் போனது. சத்தியப் பத்திரத்தில் லைல் தேதியை மாற்றிப் போட்டார், திருப்பி அனுப்பினார்கள். அடுத்ததில் பிறந்த ஊர் என்ற இடத்தைக் காலியாக விட்டார்; ஹலினா கூப்பிட்டுக் கேட்டார். பிறந்த ஊரில் தொடங்கிய பேச்சு, லைல் ஐந்து வயதில் ஏரிப் பனியில் விழுந்து எழுந்த கதைவரைக்கும் போனது. அடுத்த ஃபாரத்தில் பென்சிலால் கையெழுத்துப் போட்டார். ஒரு ஃபாரத்தின் மேல் காப்பிக் கோப்பையை வைத்து எடுத்தார். ஹலினாவும் சளைக்கவில்லை. பெட்டியின் மரத்தில் பூச்சி மருந்து அடித்த முத்திரை தெளிவாக இல்லை என்பார். கொம்பின் நீளத்தை அங்குலத்தில் எழுதியிருக்கிறது, சென்டிமீட்டரில் வேண்டும் என்பார். கிரீலிக்குத் திருப்தியே வராது போலிருந்தது. பார்த்திராத அந்த கிரீலிமேல் லைலுக்கு ரகசியமாக ஒரு நன்றி இருந்தது.

ஒரு தடவை, ஃபாரத்தோடு ஒரு பை சீஸ் துணுக்கும் வைத்து அனுப்பினார். எங்கள் ஊரில் காலையில் செய்து அன்றே தின்பது அது. கடித்தால் பல்லுக்கடியில் கீச்சென்று சத்தம் வரும்.

"சாப்பிட்டேன். நல்லாத்தான் இருக்கு. ஆனா கீச்சுன்னே சொல்லலயே," என்றார் ஹலினா.

"அது ஒரு நாள்தான் சொல்லும். தபால்ல வந்தா அடங்கிப்போயிரும்."

"அப்ப சத்தத்தைக் கேக்கணும்னா என்ன பண்றது?"

"இங்க வந்து, செஞ்ச அன்னிக்கே சாப்பிடணும்."

மறுமுனையில் ஹலினா மூச்சு விடுவது கேட்டது. லைலின் நாக்கு நுனியில் ஒரே ஒரு வார்த்தை நின்றது. வாங்க. அவ்வளவுதான். எங்கள் ஊர் நாய்க்குக்கூட அந்த வார்த்தையை அவர் தினமும் சொல்கிறார்.

"அடுத்த ஃபாரத்தைச் சீக்கிரம் அனுப்பிடறேன்," என்றார் லைல்.

"சரி," என்றார் ஹலினா, கொஞ்சம் தாமதித்து. "அனுப்புங்க."

அன்று முழுவதும் அவர் தன்னையே திட்டிக்கொண்டு, பெய்யாத பனியை வாசலில் தள்ளிக்கொண்டிருந்தார்.

மே மாதம் பிறந்தது. திங்கட்கிழமை வந்த போனில் ஹலினாவின் குரல் சோர்ந்திருந்தது.

"என்னாச்சு? உடம்பு சரியில்லையா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. உங்க ஃபாரத்தால எனக்கு நல்லா திட்டு விழுந்துச்சு. இத்தனை வருஷம் தொழில் பண்றே, ஒரு ஃபாரத்தை ஒழுங்கா வாங்கத் தெரியலயான்னு கிரீலி கேட்டுட்டாரு." பிறகு அவசரமாகச் சேர்த்துக்கொண்டார். "பரவால்ல, விடுங்க. நீங்க ஒண்ணும் மனசில வச்சுக்காதீங்க."

லைல் மனசில் வைத்துக்கொண்டார். மனசில் வைத்துக்கொள்வதில் எங்கள் ஆட்களை மிஞ்ச முடியாது. தன் ஏக்கத்துக்காக ஒரு நல்ல மனுஷியைப் பேச்சு வாங்க வைத்துவிட்டோம் என்று மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. படகை விலை பேச இன்னும் ஒருவரும் வரவில்லை. வங்கிக்குப் போய்ச் சேமிப்பை எடுத்தார். ஆர்டிஸ் ஒன்றும் கேட்காமல் கொடுத்ததிலிருந்தே முகம் எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ளலாம்.

வியாழக்கிழமை காலை, தேவாலயத்துக்குப் போடும் கோட்டைப் போட்டுக்கொண்டு சிகாகோவுக்குக் கிளம்பினார். திட்டம் சுலபமானது. முதலில் கிரீலியைப் பார்ப்பது. தப்பெல்லாம் என்னுடையது, அந்த அம்மாமேல் ஒரு குற்றமும் இல்லை என்று சொல்லிவிடுவது. அபராதம் போட்டால் கட்டுவது. பெட்டியை வாங்கிக்கொண்டு வந்துவிடுவது. ஹலினாவின் அலுவலகம் அதே தெருவில் என்று தெரியும். அங்கே ஏறுவதில்லை என்று முடிவு செய்திருந்தார். எந்த முகத்தோடு ஏறுவது?

நாலரை மணி நேரம் ஓட்டினார். பால் லாரியில் தினமும் தனியாக ஓட்டியவர்தான், தனிமை புதிதில்லை. ஆனால் அன்று பக்கத்து இருக்கை காலியாக இருப்பதைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். இனி திங்கட்கிழமைகளில் பத்து மணிக்குக் கொட்டகைக்குப் போய்விட வேண்டும், வீட்டில் இருக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டார். வாய்விட்டு ஒரு தடவை "ஹலினா" என்று சொல்லிப் பார்த்தார். நன்றாக இருந்தது. அதனால் வலி கூடியதே தவிரக் குறையவில்லை.

விமான நிலையத்துக்குப் பின்னால், சரக்குக் கிடங்குகளுக்கு நடுவே வனவிலங்கு ஆய்வு அலுவலகம் இருந்தது. கவுன்ட்டரில் மூக்குக் கண்ணாடி போட்ட ஒல்லியான ஒருவர் மதியச் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். சட்டையில் கிரீலி என்று பெயர். லைல் நினைத்துவைத்திருந்த ராட்சசனுக்கும் இவருக்கும் சம்பந்தமே இல்லை.

"வாங்க. என்ன வேணும்?"

"சார், என் பேரு லைல் ஸ்கோகன். வெஸ்ட்பியிலேர்ந்து வர்றேன். அந்த ஓரிக்ஸ்."

"ஓ, மான் சீட்டுக் கட்டின ஆளா நீங்க?" கிரீலி பொட்டலத்தை ஒதுக்கிவைத்துவிட்டுக் கை கொடுத்தார். "அதைப் பாத்து இந்த ஆபீசே சிரிச்சுது."

அந்த அன்பு லைலை இன்னும் கலக்கியது. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"சார், நான் நடுவில நிறுத்தாம சொல்லிடறேன். நிறுத்தினா அப்புறம் வராது. அந்தத் தானப் பத்திரம், தேதி மாத்தின பத்திரம், பென்சில் கையெழுத்து, காப்பிக் கறை, எல்லாம் நான் வேணும்னே பண்ணினது. ஹலினா மேடம்மேல ஒரு தப்பும் இல்ல. அவங்களைத் திட்டாதீங்க. என்னைத் திட்டுங்க."

"வேணும்னேயா? எதுக்கு?"

லைல் கவுன்ட்டர் மரத்தைப் பார்த்தார். பதினாலு வருஷமாக யாரிடமும் சொல்லாத மாதிரியான ஒரு விஷயத்தை, முன்பின் தெரியாத ஓர் அரசாங்க உத்தியோகஸ்தரிடம் சொன்னார்.

"தப்பு இருந்தாத்தான் அவங்க போன் பண்ணுவாங்க சார். அந்தக் குரல் இல்லாம எனக்கு முடியல. பெட்டி வந்துட்டா எல்லாம் முடிஞ்சுபோயிரும். அதனாலதான்." தொப்பியைத் திருப்பினார். "இப்ப அவங்களுக்குக் கெட்ட பேரு வந்துருச்சு. அபராதம், கிடங்கு வாடகை, எவ்வளவுன்னு சொல்லுங்க, கட்டிடறேன். பெட்டியைக் குடுத்துடுங்க, நான் போயிடறேன்."

கிரீலி அவரைப் பார்த்தார். பிறகு கம்ப்யூட்டரில் எதையோ தட்டிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"மிஸ்டர் ஸ்கோகன், நீங்க சொல்ற ஒரு ஃபாரமும் என் கண்ணுக்கு வந்ததில்ல, உங்க பெட்டியை வந்த மறுநாளே, பிப்ரவரியிலயே நான் அனுமதி குடுத்து ஹலினாகிட்ட விட்டுட்டேன், அதுக்கப்புறம் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஹலினா கையில ஒரு கேக்கோட வந்து, 'ஒரு பெட்டியை நிறுத்தி வைக்க இன்னும் என்னென்ன சட்டம் இருக்கு'ன்னு கேட்டு எழுதிட்டுப் போறாங்களே, ஏதோ பரீட்சைக்குப் படிக்கிறாங்கன்னுல்ல நான் நினைச்சுட்டிருக்கேன்."